ஐந்தாவது இருக்கையில் ஒரு புதியவர்

‘வார்டு போடு’ என்பது இரண்டே சொற்களாலான கட்டளை. மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த கல்லூரி மாணவருக்கு இவ்விரு சொற்களும் புதியவை அல்ல. மாநகராட்சித் தேர்தலில் வார்டு உண்டு. மருத்துவமனையில் வார்டு உண்டு. ‘போடு’ என்னும் வினையோ கோலம் முதல் கையெழுத்து வரை எதனோடும் சேரக்கூடியது. ஆயினும் டோட்டா 2 ஆட்டத்தில் முதன்முறையாக அறிமுகமற்ற நால்வரோடு சேர்ந்து, ஹெட்செட்டில் இக்கட்டளையைக் கேட்கும்போது அவருக்கு எதுவும் விளங்குவதில்லை. எதைப் போடுவது, எங்கே, எப்போது, எதற்காக என்ற நான்கும் கட்டளைக்கு வெளியே நிற்கின்றன. சில வினாடிகளில் அதே குரல் மீண்டும் வருகிறது, இம்முறை ஒரு வசையோடு.

ஆடி அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவை. 2003இல் வார்கிராஃப்ட் 3 என்னும் விளையாட்டுக்காக ஆர்வலர் ஒருவர் உருவாக்கிய வரைபடத்திலிருந்து கிளைத்தது இந்த ஆட்டம். அதன் இரண்டாம் வடிவத்தை வால்வ் நிறுவனம் 2013இல் முறையாக வெளியிட்டது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள், மூன்று பாதைகள், பாதையெங்கும் காவல் கோபுரங்கள், இரு முனைகளிலும் ஒவ்வொரு தலைமைக் கட்டடம். எதிரணியின் கட்டடத்தை வீழ்த்தும் அணி வெல்கிறது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஹீரோக்களில் ஒவ்வொருவரும் ஒருவரைத் தேர்ந்துகொள்கிறார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி இருளால் மூடப்பட்டிருக்கும்; தன் அணியினர் எவரும் நிற்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அந்த இருளில் ஓரிடத்தில் நட்டுவைக்கும் கண்ணுக்குத்தான் ‘வார்டு’ என்று பெயர். இந்த ஒரு வாக்கியத்தை எவரேனும் சொல்லியிருந்தால், முதல் பத்தியின் மாணவர் பாதித் தொல்லையிலிருந்து விடுபட்டிருப்பார்.

சதுரங்கத்தில் தோற்பவர் தனியே தோற்கிறார். இங்கே ஒருவருடைய அறியாமையின் விலையை மற்ற நால்வரும் செலுத்துகிறார்கள். ஓர் ஆட்டம் ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளும். இடையில் வெளியேறினால் தண்டனை உண்டு. ஆகவே புதியவரும் எழுந்து போக முடியாது, அவரைச் சகிக்க இயலாத மற்றவர்களும் எழுந்து போக முடியாது. தரவரிசை ஆட்டத்துக்குள் நுழைவதற்கு முன் நூறு மணிநேரம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அந்த நூறு மணிநேரத்தை எவருடைய வசவுக்கு நடுவில் கழிப்பது என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்வதில்லை.

புதியவருக்கு உதவுவது எப்படி என்ற கேள்விக்கு வழக்கமான விடை, வழிகாட்டி நூல்களையும் காணொளிகளையும் காட்டுவது. அவை ஏராளமாக உள்ளன, பல சிறந்தவையும்கூட. எனினும் அவற்றைக் கற்றுத் தேர்ந்து வந்தவரும் முதல் ஆட்டத்தில் திகைத்தே நிற்கிறார். குறை வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அது எங்கே என்பதைத் தேட மட்டாஞ்சேரியைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீனவலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வலையையும் இயக்க நால்வர், சில வேளைகளில் அறுவர் வேண்டும். கயிறுகளில் கட்டித் தொங்கும் கற்கள் வலையின் எடைக்கு ஈடுகொடுக்க, எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் வலை மேலெழும். இதுவும் அணியாகச் செய்யும் வேலை. இதிலும் ஒருவர் பிந்தினால் அனைவருக்கும் இழப்பு. ஆனால் இங்கே புதியவன் மற்றவர்களின் கைகளைப் பார்க்கிறான். யார் எப்போது மூச்சை இழுத்துக்கொள்கிறார், எந்தக் குரலுக்குக் கயிறு இறுகுகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நிகழ்கின்றன. யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகமும் அப்படித்தான். கணினி வருவதற்கு முன், ஒரே கூடத்தில் தரகர்கள் உரத்த குரலில் விலை கூவினார்கள். வெளியாளுக்கு அது வெறும் இரைச்சல். கூடத்தின் ஓரத்தில் நாள்தோறும் நிற்பவனுக்கோ கூவுபவரின் முகமும் கையும் அதற்குப் பின் நிகழும் வணிகமும் ஒருசேரத் தெரிந்தன.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கற்றலையே ஆராய்ந்தனர். அவர்களுடைய கருத்தைச் சுருக்கினால், ஒரு தொழிலைக் கற்பவருக்கு முதலில் வேண்டியது அத்தொழிலின் ஓரத்தில் ஓர் ஏற்கத்தக்க இடம். பிழை செய்தாலும் பெருநட்டம் விளையாத சிறு வேலை, கூடவே முழு வேலையையும் காணும் வாய்ப்பு. அவர்கள் எடுத்துக்காட்டும் லைபீரியத் தையற்காரர்களிடையே அது கிட்டியது. அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டப் பழகியவர்களுக்கு அது கிட்டவில்லை. தேர்ந்தவர்கள் வெட்டும் மேசை தெரியாத அறையில் அவர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

டோட்டாவின் புதியவர் அந்த இறைச்சிக் கடைப் பயிலுநரை ஒத்தவர். அவருடைய திரையில் அவருடைய ஹீரோ மட்டுமே நடுவில் இருக்கிறார். தோழர் பின்வாங்கியது தெரியும். பின்வாங்குமுன் அவர் எதைப் பார்த்தார், எதைக் கணக்கிட்டார் என்பது தெரியாது. ஓரம் என்று ஓர் இடமே இவ்வாட்டத்தில் இல்லை. இருக்கைகள் ஐந்து, ஐந்துக்கும் ஒரே எடை.

இல்லாத ஓரத்தை ஆட்டக்காரர்கள் தாமே உண்டாக்க முயன்றதன் விளைவுதான் ‘புதியவர் சப்போர்ட் ஆடட்டும்’ என்ற வழக்கம். பணம் சேர்த்து வலிமை பெற்று ஆட்டத்தை முடிப்பவர் கேரி. அவரைக் காத்து, வார்டு நட்டு, தன்னைப் பலிகொடுக்கவும் ஆயத்தமாயிருப்பவர் சப்போர்ட். பொருட்செலவு குறைந்த வேலை என்பதால் அது எளிய வேலை என்று கருதிவிடுகிறார்கள். உண்மையில் எதிரி எந்த வழியாக வருவான் என்பதை முன்னறிந்தவர்தான் வார்டை எங்கே நடுவது என்று அறிவார். அந்த அறிவு நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகே வருவது. கயிற்றைப் பிடிக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, கடலைப் படிக்கச் சொல்கிறார்கள். (ஆய்வுத் துறைகளில் முதலாண்டு மாணவரிடம் ‘முன்னாய்வுகளைத் தொகுத்துவிடு, அது எளிய வேலை’ என்று சொல்லப்படுவதும் இவ்வகையே. எதை விடுவது என்று அறியாதவருக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.)

மொழியியல் பயின்றோர் கருத வேண்டிய செய்தி ஆட்டத்தின் உள்ளே நிகழும் திருத்தங்களில் இருக்கிறது. ‘ஏன் அங்கே போனாய்?’ என்பது இலக்கண வடிவில் வினா. அதற்கு எவரும் விடையை எதிர்பார்ப்பதில்லை. விடை சொன்னால் இன்னொரு வசவு கிடைக்கும். அது தீர்ப்பு. ‘நடுப்பாதை எதிரியைக் காணோம், கோபுரத்துக்குப் பின்னால் வா’ என்பது செய்தியும் அதன்மேல் எழும் வழியும். இரண்டையும் சொல்ல ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது காலம். முன்னது இறந்தகாலத்தில் நிற்கிறது, பின்னது அடுத்த மூன்று வினாடிகளைப் பற்றிப் பேசுகிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் இறந்தகால வாக்கியம் எதனாலும் புதியவருக்குப் பயனில்லை. செத்த ஹீரோ மீண்டெழக் காத்திருக்கும் நேரத்திலும் அவருடைய கவனம் அடுத்த நகர்விலேயே இருக்க வேண்டும். நேர்ந்ததை ஆராய்வதற்கு ஆட்டப்பதிவு இருக்கிறது. முடிந்தபின் அதை மறுபடி ஓட்டி, ஒரே ஒரு சாவை எடுத்துக்கொண்டு பேசலாம். ஒன்பது சாவுகளையும் எடுத்துக்கொண்டால் எதுவும் மனத்தில் நில்லாது.

சுட்டுச்சொற்களின் சிக்கலும் உண்டு. ‘இங்கே வா’, ‘அங்கே போகாதே’ என்பன பேசுபவரின் இருப்பிடத்தைக் கேட்பவர் அறிந்திருந்தால் மட்டுமே பொருள்தரும். ஐவரும் ஐந்து இடங்களில் இருக்கையில் ‘இங்கே’ என்பதற்கு ஐந்து பொருள்கள். தேர்ந்தவர் வரைபடத்தில் சொடுக்கி ஒலியெழுப்பி இடத்தைச் சுட்டுகிறார். ஆனால் பதற்றத்தில் அதை மறந்து ‘இங்கே, இங்கே’ என்று கத்துபவர்களே மிகுதி.

விளியும் கவனிக்கத்தக்கது. தமிழில் வேர்ச்சொல்லே ஒருமை ஏவல்: போ, வா, அடி, போடு. அறிமுகமற்ற ஒருவரிடம் தெருவில் ‘தள்ளிப் போ’ என்று சொன்னால் சண்டை வரும். ஆட்டத்தில் ‘போங்க’ என்று சொல்ல நேரமில்லை என்பார்கள். கூடுதலாவது ஓர் அசைதான். மலையாள வினை எண்ணும் இடமும் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டதால், அங்கே மரியாதையின் சுமையில் பெரும்பகுதியை விளிச்சொல்லும் முன்னிலைப் பெயரும் தாங்குகின்றன. இரு மொழிகளுக்கும் இடையே வாழும் கொச்சித் தமிழ் இளைஞர்கள் இச்சிக்கலுக்கு ‘ப்ரோ’ என்ற சொல்லால் தீர்வு கண்டிருக்கிறார்கள். எதிரிலிருப்பவரின் வயது தெரியாதபோது அண்ணனா தம்பியா, சேட்டனா அனியனா என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. மொழித்தூய்மை விரும்புவோர் அச்சொல்லை வெறுக்கலாம். ‘ப்ரோ, வார்டு’ என்பதும் ‘டேய், வார்டு’ என்பதும் ஒரே கட்டளையல்ல என்பதை அவர்களும் ஒப்புவர். அந்தச் சொல் பெண்ணைக் கணக்கில் கொள்ளவில்லை என்ற குறை தனி. பெண்குரல் கேட்டதும் உரையாடல் திசைமாறும் அறைகளில் மைக்கை அணைத்துவிட்டு ஆடுவதே பாதுகாப்பு. மைக்கை அணைத்தவரால் கேள்வியும் கேட்க முடியாது.

மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் சில தெருக்களுக்குள் புழங்கும் ஊர் மட்டாஞ்சேரி. அவ்வூர் மாணவர் இணையும் அணியில் மற்ற நால்வரும் எங்கிருந்தும் இருக்கலாம். பொதுமொழியாகத் துண்டு ஆங்கிலமும் கலைச்சொற்களும் மட்டுமே எஞ்சுகின்றன. இதற்கு ஆட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ‘எதிரியைக் காணோம்’, ‘பின்வாங்கு’ போன்ற ஆயத்த வாக்கியங்களைச் சக்கரத்திலிருந்து தேர்ந்தெடுத்தால், ஒவ்வொருவருடைய திரையிலும் அவரவர் தேர்ந்துள்ள மொழியில் அது தோன்றும். ரஷ்யர் அனுப்பியதை பிரேசில்காரர் போர்ச்சுகீசியத்தில் படிக்கிறார். அம்மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

தேர்ந்தவர்களின் எரிச்சலை வெறும் கெட்ட குணம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. நாள்முழுதும் வேலைசெய்து திரும்பியவருக்கு அந்த நாற்பது நிமிடமே அன்றைய ஓய்வு. கற்பித்தல் உழைப்பு, அதற்கு இவ்வாட்டத்தில் ஊதியமில்லை. ஆனால் புதியவர்களை மிதித்து இன்பம் காண்பதற்கென்றே வேறு கணக்கைத் திறந்து கீழ்நிலை ஆட்டங்களுக்குள் நுழைபவர்களும் இருக்கிறார்கள். ‘ஸ்மர்ஃப்’ என்று பெயர் பெற்ற இத்தகைய கணக்குகளில் 90,000ஐ முடக்கியதாக 2023 செப்டம்பரில் வால்வ் அறிவித்தது. அந்த எண்ணிக்கை, புதியவர்களுக்கென ஒதுக்கிய முற்றமும் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை என்பதைக் காட்டுகிறது.

2022இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் இந்திய டோட்டா 2 அணி வெண்கலம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்றது. 2025இன் இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம் வழங்கியது. இவை யாவும் உச்சியைப் பற்றியவை. அடுத்த ஐவர் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி கல்லூரி விடுதிகளிலும் தெருமுனைக் கணினி நிலையங்களிலும் விடப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் ஓரம் என்று சொல்லத்தக்க ஒன்றை ஆட்டமே வைத்திருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் அரியர். நண்பர் ஒருவர் ஆடாமலேயே பயிற்சியாளராக இணையலாம். கற்பவரின் திரையை அவர் காண்பார். வரைபடத்தில் கோடு வரைந்து காட்டுவார். அவருடைய குரல் கற்பவருக்கு மட்டுமே கேட்கும். சீனவலைக் கயிற்றில் பின்னால் நின்று கைமேல் கைவைத்து இழுக்கும் மூத்தவரின் இடம் அது. மட்டாஞ்சேரியின் ஏதேனும் ஒரு கல்லூரி விடுதியில், தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை அந்த இடத்தில் அமர்ந்தால் போதும். முதல் மாலையில் அவர் சொல்ல வேண்டியவை அதிகமில்லை: வார்டு என்பது ஒரு கண், ஆற்றங்கரை மேட்டில் நட்டால் நடுப்பாதையிலிருந்து வருபவன் முன்கூட்டியே தெரிவான், சில நிமிடங்களில் அது அணைந்துவிடும், அப்போது இன்னொன்று போட வேண்டும்.