மிதித்துப் பாருங்கய்யா!

பிரேக்கே பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிடிக்கிறது. ஆனால் பெடல் பாதி தூரம் சும்மாவே இறங்கி, அதற்கப்புறம்தான் பிடிக்கிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். கேட்ட மெக்கானிக் சீட்டில் உட்காரவில்லை, பெடலைத் தொடவில்லை. முன்சக்கரத்தின் ஓட்டை வழியாக ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "பேடு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்.

பேடுக்கும் பெடல் இறங்குவதற்கும் என்னய்யா சம்பந்தம்? டிஸ்க் பிரேக்கில் பேடு தேயத் தேய, பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து இடைவெளியைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் ஆயில் மட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இவர் முதலில் டப்பாவை வழிய வழிய நிரப்பினார். அப்புறம் புதுப் பேடு போட பிஸ்டனை உள்ளே தள்ளினார். நிரப்பிய ஆயில் பொங்கி வழிந்தது. பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரியும் என்பது தெரியாதா? துடைக்கக்கூட இல்லை.

பெடல் மட்டும் பழையபடியே இறங்கியது.

புவனகிரியில் பிரேக்கை நம்பாமல் வண்டியை வெளியே எடுக்க முடியுமா? வியாழக்கிழமையானால் ராகவேந்திரர் கோயிலுக்கு வருகிற கூட்டம். சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், அதன் பின்னால் விளக்கும் கிடையாது, சிவப்புத் துணியும் கிடையாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் ரெண்டு மிதி மிதித்து ஓட்டு என்றால் எப்படி?

மறுபடி போனேன். "ஏர் இருக்கும் சார், எடுத்துடலாம்" என்றார். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "அடி, அடி... புடி!" என்று குரல் கொடுக்க, சீட்டில் இருந்த உதவியாள் பெடலைத் தரையில் இடிக்கிற மாதிரி மிதித்துத் தள்ளினார். "மெதுவாப்பா" என்று சொன்னதற்கு, "அப்பதான் சார் ஏர் வரும்" என்று பதில் வேறு.

கேடு வந்தது அங்கேதான். பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தினமும் ஓடுவது பாதி தூரம்தான். ஓடாத மீதி இடத்தில் வருஷக்கணக்காகத் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். எனக்கும் அதுதான் ஆயிற்று. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக்கில் கால் வைத்து நிற்கிறேன், பெடல் தானாக மெல்ல மெல்லக் கீழே போகிறது. எந்தச் சக்கரத்திலும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, டப்பாவிலும் மட்டம் குறையவில்லை. உள்ளுக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டித் திரும்பிவிடுகிறது.

அடுத்து, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஓர் ஒர்க்‌ஷாப். லேப்டாப்பை மாட்டினார்கள். "எரர் ஒண்ணும் காட்டல சார்." வாஷர் கிழிந்தால் கம்ப்யூட்டரா வந்து சொல்லும்? எதற்கும் இருக்கட்டும் என்று காலிப்பர், டிஸ்க் எல்லாம் சேர்த்து ஓர் எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்தத் தாளில் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இல்லை!

இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போதும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும்வரை சில தடவை மிதிக்க வேண்டும். மேலே வந்த பெடல் கல்லாக நின்றால் பின்சக்கர டிரம்மில் ஷூ தளர்ந்திருக்கிறது. மேலே வந்தும் துள்ளினால் ஏர். அழுத்திப் பிடித்திருக்கும்போதே கீழே போய்க்கொண்டிருந்தால், வெளியே ஒழுகலும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. காசா, பணமா? கால் ஒன்று போதும்.

ஆயில் கதை இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீர்கூட வேண்டாம், அதற்குள் அந்த அளவு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. அந்தத் தண்ணீர்தான் சிலிண்டருக்குள் துருவையும் உண்டாக்குகிறது. அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பரங்கிப்பேட்டைக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில், மூடி தொலைந்த பிரேக் ஆயில் பாட்டிலுக்குத் துணியைத் திணித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். கேட்டால் "நல்ல ஆயில் சார், பாதிதான் ஊத்தினது."

பாகத்துக்கா பஞ்சம்? 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நம் சென்னைப் பாடியில்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் மாடலைச் சொன்னால் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவோடு கைக்கு வருகிறது. பார்ப்பதற்குத்தான் பஞ்சம்.

கடைசியில் பார்த்தவர் லாரி வேலை செய்கிறவர். அவர்தான் முதலில் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலை வைத்து அழுத்திக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாஸ்டர் போச்சுங்க. அதுக்கு முன்னாடி பின் ஷூ லூஸா இருந்திருக்கும், அதை யாரும் டைட் வைக்கல." பானட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை.

புதுச் சிலிண்டரை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெல்லத் தள்ளினார். ஷூவை டைட் வைத்தார். ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் சொருகினார், கால் தரைவரை போகக் கூடாது என்று. இடது பின்சக்கரம்தான் தூரம். அங்கிருந்து ஆரம்பித்து, சீல் உடைக்காத புது ஆயிலாக விட்டுக்கொண்டே வந்தார். வாங்கிய கூலி, முன்னால் போட்ட பேடு விலைகூட இல்லை.

போன வாரம் கடைத்தெருவில் பேடு மாற்றியவர் எதிரே வந்தார். வண்டி எப்படி என்று கேட்டார். இப்போது மேலேயே பிடிக்கிறது என்றேன்.

"சொன்னேன்ல சார், புதுப் பேடு செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்னு!"