குடிசன மதிப்பீடும் வட்ஸ்அப் வரைபும்

குடிசன மதிப்பீடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வரைபும் கூடவே வந்துவிடுகிறது. 1981 இல் இலங்கைச் சோனகர் சுமார் 7.1 சதவீதம், 2012 இல் சுமார் 9.3 சதவீதம், கோட்டை நீட்டிப் பாருங்கள், நாடு பறிபோகிறது என்பது அதன் செய்தி. அளுத்கமைக்கும் திகனைக்கும் முன்னர் இந்தப் பேச்சு எவ்வளவு தாராளமாகப் பரப்பப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

அதே அட்டவணைகளின் மற்றைய வரிகளையும் வாசிப்போம். சிங்களவர் பங்கும் சுமார் 74.0 இலிருந்து 74.9 ஆகக் கூடியிருக்கிறது. குறைந்தது தமிழர் பங்கு: இலங்கைத் தமிழர் சுமார் 12.7 இலிருந்து 11.2, மலையகத் தமிழர் 5.5 இலிருந்து ஏறத்தாழ 4. யுத்தம், புலம்பெயர்வு, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா சென்றோர் எல்லாம் இதற்குள் அடங்கும். ஒருவர் பங்கு சுருங்கினால், மேலதிகமாக ஒரு பிள்ளை பிறக்காமலே மற்றவர் பங்கு கூடும். நமது பிறப்பு வீதம் உயர்வாக இருந்ததும் உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. எது எவ்வளவு என்பதை இரண்டு சதவீதங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இடையில் 1991 இல் கணக்கெடுப்பே இல்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது.

குடிசன மதிப்பீடு பரிசோதனை அல்ல. அது எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை, இருப்பதை எண்ணுகிறது. அதனால் அது மட்டமானது என்றாகாது. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோலும் ஹில்லும் 1950 இல் காட்டியதும் பரிசோதனை இல்லாமல்தான். யாரையும் புகைக்க வைத்துப் பார்க்க முடியாதல்லவா? ஆனால் அவர்கள் நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள், பின்னர் பிரித்தானிய வைத்தியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள், வேறு காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

கலாசாலையில் படித்த காலத்தில், டியூஷன் போகும் பிள்ளைகள் கூடப் புள்ளி எடுக்கிறார்கள், எனவே டியூஷனால் புள்ளி கூடுகிறது என்று ஒப்படையில் எழுதினேன். "போக முன்னர் எத்தனை எடுத்தார்கள்?" என்று விரிவுரையாளர் கேட்டார். நான் அதைப் பார்த்திருக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும்தான் கூடுதலாகப் போயிருந்தார்கள்.

கவலை என்னவென்றால், எங்கள் ஊர்க் குழுமத்தில் அதே வரைபை ஒருவர் "மாஷா அல்லாஹ்" என்று பகிர்ந்திருந்தார். அச்சுறுத்துபவரும் பெருமைப்படுபவரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். 2024 மதிப்பீட்டை வைத்தும் இதே வரைபை நீட்டுவார்கள். அப்போது வயது வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் உள்ள அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டு, சிங்களத்திலும் பதில் எழுதக்கூடிய நாலு பேராவது நம்மிடம் இருக்க வேண்டும்.