ரேடார், சோனார் எல்லாம் இருந்தும் 2 மாசம் ஆனது ஏன்? ஷிரூர் லாரி தேடலில் நடந்தது என்ன?

எங்கே நிலச்சரிவு நடந்தாலும் ஒரு கேள்வி கிளம்பும்: "இவ்வளவு டெக்னாலஜி இருக்கே, உள்ளே சிக்கினவங்களை உடனே கண்டுபிடிக்க முடியாதா?" கர்நாடகாவின் ஷிரூரில் நடந்ததைப் பார்த்தா பதில் கிடைக்கும்.

2024 ஜூலை 16. உத்தர கன்னட மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66 மேல் மலை சரிந்து விழுந்தது. சாலையை ஒட்டியே கங்காவளி ஆறு. மரத்தடி ஏற்றி வந்த ஒரு லாரியும், கேரளாவைச் சேர்ந்த அதன் டிரைவரும் காணாமல் போனார்கள். லாரியின் ஜிபிஎஸ் கடைசியாகக் காட்டியது அந்த இடத்தைத்தான். அதனால் முதலில் தேடியது சாலையில் குவிந்த மண்ணுக்குள்.

மண்ணுக்குள் தேட தரை ஊடுருவும் ரேடாரும் வந்தது. ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைப் படிக்கும் கருவி இது. காய்ந்த மணலில் பல மீட்டர் ஆழம் வரை பார்க்கும். ஈரக் களிமண்ணில்தான் சிக்கல். அலையின் சக்தியை மண்ணே உறிஞ்சிடும். சில இடங்களில் ஒரு மீட்டர் தாண்டுவதே கஷ்டம். போதாக்குறைக்கு, பெரிய பாறையும் ஒரு சிக்னல் கொடுக்கும். அது பாறையா லாரியா? தோண்டினால்தான் தெரியும்.

சரி, நாசாவின் 'ஃபைண்டர்' மாதிரி இதயத் துடிப்பையே கண்டுபிடிக்கிற ரேடார்? 2015 நேபாள நிலநடுக்கத்தில் 4 பேரை மீட்க உதவிய கருவிதான் அது. ஆனால் அங்கே அவர்கள் சிக்கியது கட்டட இடிபாட்டில். இடைவெளி இருக்கும், காற்று இருக்கும். சேறு அப்படி இல்லை.

தேடல் ஆற்றுப் பக்கம் திரும்பியதும் கருவியும் மாறியது. தண்ணீருக்குள் ரேடியோ அலை சீக்கிரமே அடங்கிடும், ஒலி நல்லாவே போகும். நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்! நம்ம காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, எதிரொலியை வைத்துப் படம் வரைவதுதான் சோனார். கலங்கிய தண்ணீர் அதற்குப் பிரச்சினை இல்லை. பொருளைச் சேறு மூடிட்டா மட்டும் கஷ்டம்.

ஜூலை 24 அன்றே, ஆற்றுக்குள் ஒரு லாரி இருப்பது தெரிந்துவிட்டதாகக் கர்நாடக அமைச்சர் கிருஷ்ண பைரே கவுடா அறிவித்தார். அப்புறம் ஏன் தாமதம்? இடம் தெரிந்தாலும் ஆள் இறங்கணுமே! மழை வெள்ளத்தில் நீரோட்டம் அவ்வளவு வேகம். கடற்படை வீரர்களாலேயே இறங்க முடியவில்லை. முதல் நாட்களில் தேடல் மெதுவாக நடந்ததாகக் கேரளாவில் எழுந்த கோபமும் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு தடுத்தது ஆறு.

கடைசியில் கோவாவிலிருந்து தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 25 அன்று லாரி வெளியே வந்தது. கேபினுக்குள் டிரைவரின் உடல் இருந்தது.