மீன் செத்தால் தண்ணீர் விஷமா?

"மீனே பிழைக்காத தண்ணியை நாம எப்படிக் குடிக்கிறது?" புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டங்களில் யாராவது இப்படிக் கேட்டுவிட்டால், பக்கத்திலிருப்பவர்கள் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். பையன் கப்பி மீன் போத்தலில் பைப்புத் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுகிறான். மறுநாள் மீன் மிதக்கிறது. பாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் புறப்பட்டுவிடுகிறார். இது தவறான முடிவு, தோழர்களே. ஆபத்தான முடிவுங்கூட.

மீன் செவுளால் மூச்சு விடும் பிராணி. தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அந்த மெல்லிய செவுளை அரித்துவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பல மீன்கள் தாங்கமாட்டா. மனிதர் குடிக்கும் நீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்போ 5 மில்லிகிராம். சரி, கிணற்றில் மீன் துள்ளுதே என்பீர்கள். துள்ளும்தான்! டைபாய்டு கிருமியும் எலிச் சிறுநீர்க் கிருமியும் மீனை ஒன்றும் செய்வதில்லை. நம்மைத்தான் படுக்க வைக்கும்.

பிள்ளைகள் மீன் தொட்டியில் கோலா ஊற்றிப் பார்ப்பதும் உண்டு. கோலாவின் புளிப்பு மீனுக்கு ஆகாது; நத்தையின் ஓடு சுண்ணாம்பு, புளிப்பில் கரையும். நம் இரைப்பையில் ஊறும் அமிலமே ஏறக்குறைய அந்த அளவுக்குப் புளிப்புத்தான். மைலோவும் பாலும் ஊற்றினால் வேறு கதை. அதைத் தின்று கிருமிகள் பெருகி, தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். வரக்கோப்பி? 2002-இல் ஹவாய்த் தீவில் 2 விழுக்காடு காப்பீன் கரைசலைத் தெளித்து ஓடில்லா நத்தைகளைக் கொன்று காட்டினார்கள். நாம் குடிக்கும் கோப்பியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்காகக் காலைக் கோப்பியை விடவேண்டாம்.

ஒன்றைப் பார்த்து வேறொன்றின் மேல் பழி போட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1999 தொடக்கத்தில் இங்கே காய்ச்சல் பரவியபோது ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தார் புதிய கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் பன்றியிடமிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. பக்கத்துச் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு. நாடு முழுவதும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

கோலாவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். அதன் கெடுதல் சீனியில் இருக்கிறது. கெட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணியிலும் அதே சீனிதான். மீன் ஒரு மணி நேரத்தில் செத்துக் காட்டும். நீரிழிவு இருபது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் பெரியவர்கள் மூவரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது இருந்தது. இதைச் சொல்ல எந்தத் தொட்டி மீனாலும் முடியாது, கிளினிக்கில் விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம்தான் சொல்லும்.

பாட்டி பைப்புத் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். பையன் அதே தண்ணீரை அகல வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு மீனுக்கு ஊற்றட்டும். அப்படியும் மீன் செத்தால், மீன் கடையில் குளோரினை முறிக்கும் மருந்து விற்கிறார்கள். சில சொட்டுப் போதும்.