எண்களைப் படிக்கும் கல்வி

பதினைந்து வயது மாணவர்களின் அறிவுத் திறனை அளக்கும் பீஸா என்னும் சர்வதேசச் சோதனையின் 2009-ம் வருஷத்துச் சுற்றில் தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் சேர்ந்து கொண்டன. 2011 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. விஞ்ஞானத்தில் முன்னேறிய நாடுகளின் சராசரி 501 புள்ளிகளாயிருக்க, தமிழ்நாட்டின் சராசரி 348 என்று கண்டது. எழுபதுக்கு மேற்பட்ட தேசங்களும் பிரதேசங்களும் நின்ற வரிசையில் நமது இடம் கடைசியை ஒட்டியிருந்தது. கேள்விகள் நமது சமூகச் சூழ்நிலைக்குப் பொருந்தாதவை என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். 2012-ம் வருஷத்துச் சோதனையில் இந்தியா கலந்து கொள்ளவேயில்லை. முகத்தில் கறையிருக்கக் கண்ணாடியைக் கவிழ்த்து வைப்பதால் கறை நீங்கிவிடுமா?

அச்சோதனை பாடப் புஸ்தகத்தை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. ஓர் அட்டவணையையோ வரைபடத்தையோ முன்னே வைத்து, “இதிலிருந்து நீ அறிவதென்ன? இதைக் கொண்டு சொல்லக் கூடாதது என்ன?” என்று கேட்பதே அதன் பெரும்பான்மையான போக்கு. நமது பிள்ளைகளுக்கு அறிவில் குறைவில்லை. குறை நாம் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. வரைபடத்தை அழகாக வரைவதற்கு மார்க்கு உண்டு; அது கூறும் செய்தியைக் கேட்பாரில்லை.

ஓர் எளிய உதாரணம் கூறுவோம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பேற்றி, நிமிஷத்துக்கு ஒருமுறை உஷ்ணமானியைப் பார்த்துக் குறித்து வந்தால், கோடு படிப்படியாக மேலேறி, 100 டிகிரியை அணுகியதும் படுத்துவிடுகிறது. அடுப்போ முன்போலவே எரிகிறது. அப்படியானால் அந்த வெப்பமெல்லாம் எங்கே போயிற்று? இக்கேள்வி மாணவன் மனத்தில் எழுமாயின், நீர் ஆவியாவதற்கே வெப்பம் செலவாகிறது என்ற உண்மையை அவன் தானாகவே எட்டிப் பிடிப்பான். “உள்ளுறை வெப்பம்” என்ற வார்த்தையை முதலில் எழுதிப் போட்டுவிட்டு, பின்னர் கோட்டை வரையச் சொல்வோமாயின் அவன் எட்டிப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அட்டவணையைப் படிக்கத் தெரிவது உயிர் காக்கும் வித்தை என்பதற்கும் சரித்திரச் சான்று உண்டு. 1854-ல் லண்டன் மாநகரில் வாந்திபேதி பரவிய காலத்தில், ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் வீடு வீடாக விசாரித்து ஒரு கணக்கெடுத்தார். நகரின் அசுத்தம் கலந்த இடத்தில் தேம்ஸ் நதி நீரை எடுத்த ஒரு கம்பெனி 40,046 வீடுகளுக்கு நீர் வழங்கிற்று. அவற்றில் 1,263 பேர் மாண்டனர். அசுத்தம் சேராத மேல்பகுதியில் நீரெடுத்த மற்றொரு கம்பெனியின் 26,107 வீடுகளில் மாண்டவர் 98 பேர். லண்டனின் ஏனைய 2,56,423 வீடுகளில் மாண்டவர் 1,422 பேர்.

மரணத் தொகையை மட்டும் பார்ப்பவன், ஏனைய லண்டனே மிகுந்த ஆபத்துக்குள்ளானது என்று முடிவு கட்டுவான். பதினாயிரம் வீடுகளுக்கு இத்தனை என்று கணக்கிடுபவனுக்கோ உண்மை விளங்கும்: முதற் கம்பெனியில் 315, இரண்டாவதில் 37, ஏனைய பகுதியில் 60-க்கும் குறைவு. இரு கம்பெனிகளின் குழாய்களும் பல இடங்களில் ஒரே வீதியில் ஓடின. செல்வரும் ஏழைகளும் இரண்டு நீரையும் பருகினர். ஆகவே வறுமையையோ காற்றையோ காரணம் காட்ட இடமில்லை. வேற்றுமை நீரில்தான் இருந்தது. வாந்திபேதிக் கிருமியைக் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் பிரித்தெடுத்து உலகறிய நிலைநாட்டியது 1884-ல். அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே ஓர் அட்டவணை வழிகாட்டிவிட்டது.

வரைபடமோ, கண்ணுக்கு விருந்தாயிருப்பதாலேயே கண்ணை ஏமாற்றவும் வல்லது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காயிருந்த அது, 2013 மே மாதத்தில் 400-ஐத் தொட்டு, இன்று 420-ஐயும் தாண்டி நிற்கிறது. அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அக்கோடு மெல்லச் சரிந்தேறும் மேட்டைப்போல் தோன்றும். 310-லிருந்து தொடங்கினால் செங்குத்தான மலையாகத் தோன்றும். எண்கள் இரண்டிலும் ஒன்றே. ஆதலின், கோட்டைப் பார்க்குமுன் அச்சைப் பார், அச்சு எங்கே தொடங்குகிறது, அலகு என்ன, எத்தனை வருஷத்துக் கணக்கு என்று பார் எனப் பழக்குவதே விஞ்ஞான உபாத்தியாயரின் முதற் கடமை.

இது பள்ளிக்கூடத்தோடு நிற்கும் விஷயமன்று. எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணிதமும் இயற்கைத் தத்துவமும் போதித்த தாதாபாய் நவுரோஜி, ஆங்கில சர்க்கார் தாமே அச்சிட்ட அட்டவணைகளைக் கொண்டே, இந்தியனின் வருஷ வருமானம் தலைக்கு 20 ரூபாய்தான் என்று 1876-ல் எடுத்துக் காட்டினார். தேசம் செழிக்கிறது என்று முழங்கியவர்களுக்கு அவர்களுடைய கணக்கே பதிலாயிற்று. இன்று நம்மை ஆள்பவர் நம்மவரே. எனினும் கணக்குக் கேட்கும் கடமை பிரஜைகளை விட்டு நீங்கவில்லை. வரவு செலவுத் திட்டம் முதல் ஆஸ்பத்திரிக் கணக்கு வரை சகலமும் அட்டவணையாகவே வருகின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்குச் சீட்டு இருந்தும் பாதிக் கண்ணே திறந்திருக்கிறது.

ஆகவே நாம் கோருவன மூன்று. பரீக்ஷையில் மாணவன் முன்பின் பாராத அட்டவணை ஒன்றும் வரைபடம் ஒன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவற்றிலிருந்து முடிவு கூறுவதற்கும், கூற இயலாததை இயலாது என்று எழுதுவதற்கும் மார்க்கு அளிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் மழைமானியும் உஷ்ணமானியும் வைத்து, மாணவர்களே நாள்தோறும் அளந்து எழுதி வர வேண்டும். தான் அளந்த எண்ணைப் பற்றித்தான் மனிதனுக்குச் சந்தேகம் கேட்கத் தோன்றும். உபாத்தியாயர்களுக்கு இதில் பயிற்சி தரவேண்டும்; பயிற்சியின்றி அவர்கள்மேல் பழி சுமத்துவது நியாயமாகாது.

இம்மூன்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை. வேண்டுவது மனமே. கல்வியதிகாரிகள் இதனைக் கவனிப்பார்களா? கவனிக்கும்படி செய்வது பொதுஜனங்களின் பொறுப்பு என்றே நாம் கருதுகிறோம்.