இட்லிக்கார அக்காவும் 25 கிராமும்

பாளையங்கோட்டையை விட்டு பெங்களூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ரிச்சர்ட்ஸ் டவுனில் வாடகை வீடு. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என்ன வேலைன்னு அம்மா கேட்டால், "கிருமி வளர்க்கிறேம்மா" என்பேன். "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்ற ஒரு அக்கா, வேலூர்ப் பக்கம். காலையில் நாலு வார்த்தை தமிழில் பேச எனக்கு அந்த வண்டிதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து அடுக்குமாடியில் பிறந்தநாள் விழா, மயோனைஸ் தடவிய சாண்ட்விச். மறுநாள் காலை அதே பிள்ளைகளுக்கு அக்கா கடை இட்லி, சட்னி. அன்று ராத்திரி நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. திங்கட்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது: "ரோட்டுக்கடை இட்லிதான்." அந்த வாரத்தோடு வண்டியைக் காணோம்.

சால்மொனெல்லா உடம்புக்குள் போனால் 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வேலையைக் காட்டலாம். கணக்குப் போட்டால் சாண்ட்விச்சும் பொருந்துகிறது, சட்னியும் பொருந்துகிறது. வேகவைத்த இட்லியைவிடப் பச்சை முட்டை மயோனைஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகம் ஆதாரம் ஆகாதே!

ஆதாரம் கிடைக்க வழி இருக்கிறது. 25 கிராம் உணவைச் சத்துத் திரவத்தில் போட்டு 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம், நொந்துபோன கிருமிகள் தெம்பு பெறுவதற்காக. அடுத்து மற்ற கிருமிகளை அடக்கும் திரவத்தில் ஒரு நாள். பிறகு எக்ஸ்.எல்.டி. அகர் தட்டில் கோடு இழுப்போம். அதிலுள்ள பித்த உப்பு பல கிருமிகளை முளைக்கவே விடாது. மீறி வளர்பவை நிறத்தில் மாட்டிக்கொள்ளும். ஈ.கோலை மஞ்சளாக நிற்கும், சால்மொனெல்லா சிவப்பில் நடுவே கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வரும். உறுதி செய்வதையும் சேர்த்து நாலைந்து நாள்.

"அதுக்குள்ள பிள்ளைங்க தேறிடுமே, எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கலாம். காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்துபோனார். கடையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது ஷவர்மாவில் மட்டுமல்ல, மிளகுத்தூளிலும் சால்மொனெல்லா இருந்தது. மிளகுத்தூளை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்? இன்றைய தட்டை இந்தச் சோதனை காப்பாற்றாது. நாளைய தட்டைக் காப்பாற்றும்.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் தடை மட்டும் போதாது என்பது என் கட்சி. எங்கே, எதனால் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, உணவு நச்சு நோயாளிகளைப் பற்றித் தகவல் தரும்படி மருத்துவர்களுக்கு ஆணையிடலாம். இந்த "இடலாம்" எல்லா ஊரிலும் "இட வேண்டும்" ஆகவேண்டும். 40-ஆம் பிரிவுப்படி, உணவு வாங்கும் யாரும் விற்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டு, கட்டணம் கட்டிச் சோதனைக்குத் தரலாம். குறை நிரூபணமானால் பணம் திரும்ப வரும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதற்காகச் சோதனைச் சீட்டைத் தாயத்து மாதிரி கட்டிக்கொள்ளவும் வேண்டாம். "25 கிராமில் இல்லை" என்றால் அந்த 25 கிராமில் இல்லை, அவ்வளவுதான். கடைக்காரரே பொறுக்கி அனுப்பிய மாதிரி என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்டெஃபைலோகாக்கஸின் நச்சு, கிருமி செத்த பிறகும் சாப்பாட்டில் இருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. சொல்லாமல் வந்து எடுக்கும் மாதிரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதனால் ஒரு வேண்டுகோள். சாப்பிட்டு நாலு பேருக்கு ஒன்றாக முடியாமல் போனால், மிச்சத்தைக் கொட்டாதீர்கள். சுத்தமான டப்பாவில் மூடி, யார் கையும் படாமல் பிரிட்ஜில் வையுங்கள். ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டரிடம், "அதுக்கு முன்னாடி மலத்தை கல்ச்சருக்கு அனுப்பலாமா சார்?" என்று கேளுங்கள்.

அன்றைக்கு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டார்கள், சாண்ட்விச்சையும் சேர்த்து. திங்கட்கிழமை காலை லிப்ட் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். "எதுன்னு இன்னும் தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் இதையே தொழிலாகச் செய்பவன், வாயை மூடிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

அக்கா எந்தத் தெருவில் கடை போட்டிருக்கிறாரோ, தெரியவில்லை.