எண்பது கோலும் போதவில்லை

1937-இல் இங்கிலாந்துக் கால்பந்தின் முதற்பிரிவுப் பட்டத்தை வென்ற மான்செஸ்டர் சிட்டி, மறு ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இத்தனைக்கும் 1937–38 பருவத்தில் 22 அணிகளிலும் மிகுதியாகக் கோல் போட்டது அதுதான், 80 கோல்! பட்டம் வென்ற ஆர்சனல் போட்டதோ 77. இதை விதியின் கொடுமை என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாங்கிய கோல்களை எண்ண வேண்டாமா? அவையும் 77 அல்லவா! அன்று வெற்றிக்கு 2 புள்ளி. ஆறு கோல் போட்டு வென்றாலும் அதே இரண்டுதான். (போட்ட கோலுக்கெல்லாம் புள்ளி கேட்பவரை என்ன சொல்ல?) 42 ஆட்டங்களில் 20 தோல்வி கண்ட அணியை இறக்கியது நியாயமே. கடைசி ஆட்டத்தில் ஹடர்ஸ்ஃபீல்டை வென்றிருந்தால்கூடத் தப்பியிருக்கும். அன்று ஒரு கோலும் போடாமல் 1–0 எனத் தோற்றது.